அக்கா சொல்லட்டும்

செமிசி வாசலிலேயே நின்றான். அறுபத்தோரு வயது ஆள், கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. ஆனால் அக்கா ‘வா’ என்று சொல்லாமல் உள்ளே கால் வைக்க மாட்டான். டோங்காவிலிருந்து சிட்னிக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எத்தனையோ மாறிவிட்டது. இது மட்டும் மாறவில்லை.

“உள்ள வாயேன். போலீஸ்காரன் மாதிரி வாசல்லயே நின்னா எப்படி?” என்றாள் ஆமேலி.

“வேலைக்குப் போற வழியில வந்தேன் அக்கா. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“கேளு.”

“சனிக்கிழமை கொரோனா ஊசிக்கு டாக்டர் நஜீப்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். போகட்டுமா?”

பேரன் பேத்தி எடுக்கிற வயதில் ஒருவன் ஊசி போட்டுக்கொள்ள அக்காவிடம் உத்தரவு கேட்பானா என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். எங்கள் டோங்கா ராஜாவே ஆனாலும் தன் அக்காவுக்கு ஒரு படி கீழேதான். தம்பி வீட்டில் பெண் எடுப்பதா, வீடு வாங்குவதா, பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது, எல்லாவற்றிலும் அக்கா வாயிலிருந்து ஒரு சொல் வர வேண்டும். தம்பியின் பிள்ளைகளுக்கு அப்பாவைவிட அத்தைதான் பெரியவள். அத்தை ஒன்றை வேண்டாம் என்று சொன்ன பிறகு அதைச் செய்தவன் உருப்பட்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அது பயமா மரியாதையா என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது.

ஆமேலி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். “எந்த ஊசி?”

“ஐம்பது வயசுக்கு மேல எல்லாருக்கும் அஸ்ட்ராதானாம் அக்கா.”

“ரத்தம் கட்டுதுன்னு டிவியில சொல்றானே, அதுவா?”

“அதுதான். ஆனா ரொம்ப அபூர்வம்னு...”

“சனிக்கிழமை நானும் வரேன். டாக்டர்கிட்ட நானே கேக்கறேன்” என்றாள்.

செமிசியின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அக்கா கேட்டுக்கொள்வாள். இனிமேல் அவனுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

ஆமேலிக்கு அப்போது அறுபத்து நான்கு. முதியோர் விடுதி ஒன்றில் துணி துவைக்கும் பிரிவில் வேலை. வாய் ஜாஸ்தி, மனசு அதைவிட ஜாஸ்தி. கணவன் மோசேசே போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. அவன் போன விதத்தைச் சொன்னால்தான் அவள் பயம் புரியும். முட்டி ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தான். கால் வலிக்கிறது என்றான். நம் ஊர்க்காரி என்ன செய்வாள்? தேங்காயெண்ணெயைச் சூடு பண்ணி ஆடுசதையை நன்றாக அழுத்தித் தேய்த்துவிட்டாள். ‘சுகமா இருக்குடி’ என்று சொல்லிவிட்டு எழுந்து குளியலறைக்குப் போனவன் அங்கேயே விழுந்தான். காலில் கட்டிய ரத்தம் நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்றார்கள். உன் கையால்தான் ஏறியது என்று யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லத் தேவையும் இல்லை, அவளே சொல்லிக்கொண்டாள். அன்றிலிருந்து ரத்தக்கட்டு என்ற வார்த்தை காதில் விழுந்தாலே அவள் கைவேலையைப் போட்டுவிடுவாள்.

டாக்டர் நஜீப் பொறுமைசாலி. சிட்னிக்கு மேற்கே எங்கள் மவுண்ட் டிரூயிட்டில் பாதிப் பேருக்கு அவர்தான் டாக்டர். அந்தச் சனிக்கிழமை நாற்காலியைத் திருப்பிப்போட்டு ஆமேலிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். யாரிடம் பேச வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

“பாருங்கம்மா, இந்த ஊசியால அந்தக் கட்டு வர்றது லட்சம் பேர்ல ஒருத்தர் ரெண்டு பேருக்கு. அதுவும் உங்க தம்பி வயசுல இன்னும் குறைச்சல். வந்தாலும் எப்படி வைத்தியம் பண்றதுன்னு இப்போ தெரிஞ்சிருக்கு.”

“அந்த ஒருத்தன் யார் வீட்டுக்காரன்னு தெரியுமா டாக்டர்?”

“அது யாருக்கும் தெரியாது.”

“இவன் இல்லைன்னு எழுதிக் குடுப்பீங்களா?”

“என்னால முடியாதும்மா. யாராலயும் முடியாது. ஆனா இவருக்குச் சர்க்கரை இருக்கு. கொரோனா வந்தா இந்த வயசுல, இந்த உடம்புக்கு, நூத்துல எத்தனை பேர் போறாங்கன்னு பாருங்க. அது லட்சத்துல ஒண்ணு இல்ல.”

“என் வீட்டுக்காரருக்கும் அபூர்வம்னுதான் சொன்னாங்க.”

“அது வேற கட்டு, இது வேற. தவிர, உங்க வீட்டுக்காரர் ரத்தமா உங்க தம்பி உடம்புல ஓடுது?”

செமிசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா திரும்பிப் பார்த்ததும் இருமுவது போல் மறைத்துக்கொண்டான்.

“கட்டு கட்டுதான் டாக்டர்” என்றாள் ஆமேலி. “சரி, கொரோனா இப்போ எங்க இருக்கு? சிட்னியில எங்கேன்னு காட்டுங்க.”

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். இரண்டாயிரத்து இருபத்தொன்று ஏப்ரல் மாதம் அது. ஊரில் ஒருவருக்கும் இல்லை. சர்ச்சில் கூட்டம், கடைத்தெருவில் கூட்டம், கல்யாணத்தில் ஆட்டம். வெளிநாட்டில் பிணம் குவிகிறது என்று டிவியில் காட்டினார்கள். அது டிவியில்தான் இருந்தது.

“இன்னைக்கு இல்ல. ஆனா வரும்” என்றார்.

“வரும்போது பாத்துக்கலாம்.” பிறகு அவள் மனதில் இருந்த உண்மையான விஷயத்துக்கு வந்தாள். “எங்க விடுதியில இருக்கற பெரியவங்களுக்கு ஊசி போட வந்தாங்க. மிச்சம் இருந்ததைக் கொட்டறதுக்குப் பதிலா எங்களுக்குப் போட்டாங்க. எனக்குக் கிடைச்சது இன்னொண்ணு. ஃபைசர். அதையே என் தம்பிக்கும் போடுங்க. நாளைக்கே கூட்டிட்டு வரேன்.”

“இவர் வயசுக்கு இப்போ அது கிடையாதும்மா. சரக்கு குறைவு. சின்ன வயசுக்காரங்களுக்குத்தான் தராங்க.”

“எனக்கு இவனைவிட மூணு வயசு ஜாஸ்தி. எனக்கு எப்படிக் கிடைச்சுது?”

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாவம், அவர்தான் என்ன செய்வார்.

நல்லதெல்லாம் அக்காவுக்கே முதலில் போகும். பன்றியின் நல்ல துண்டு, நல்ல பாய், நல்ல இடம் எல்லாம். பதிலுக்கு அக்கா தம்பி குடும்பத்தின் மேல் கண்ணாக இருப்பாள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நல்லது தனக்கும் இரண்டாம்தரம் தம்பிக்கும் வந்தது அவள் தொண்டையில் முள்ளாக நின்றது. தான் ஒன்றைப் போட்டுக்கொண்டு தம்பியை மற்றொன்றுக்கு அனுப்புவதா? அவள் மனத்தராசின் ஒரு தட்டில் மோசேசே குளியலறையில் கிடந்தான். எதிர்த்தட்டில் ஒன்றுமே இல்லை.

“இன்னொண்ணு வரட்டும். பொறு” என்றாள்.

“சரி அக்கா” என்றான் செமிசி. டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவன் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டான்.

ஜூன் மாதத்தில் அரசாங்கம் ஒரு காரியம் செய்தது. இனிமேல் ஐம்பது இல்லை, அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் அஸ்ட்ரா என்று மாற்றியது. அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எல்லோரும் செமிசி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். சேப்ப இலையில் தேங்காய்ப்பாலும் மாட்டிறைச்சியும் வைத்துக் கட்டி வேகவைத்த பொட்டலங்கள் ஆவி பறந்துகொண்டிருந்தன. ஆமேலிக்குத்தான் முதல் தட்டு. அவள் சாப்பிடுவதை விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தாள்.

“நான் சொன்னேனா இல்லையா? நேத்து வரைக்கும் ஐம்பது. இன்னைக்கு அறுபது. நாளைக்கு எழுபதுன்னு சொல்ல மாட்டான்? இவனுக்கு அறுபத்தொண்ணு. ஒரே ஒரு வயசு. ஒரு வயசு தாண்டினா ரத்தம் கட்டாம ஓடுமோ?”

செமிசியின் மனைவி டாயினா, “அக்கா சொல்றது நியாயம்தானே” என்றாள். டாயினாவுக்கு ஐம்பத்தெட்டு. மற்ற ஊசி இனி அவளுக்குக் கிடைக்கும், ஆனாலும் புருஷனோடு சேர்ந்து காத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு நியாயமும் இல்ல” என்றது ஒரு குரல்.

மிலிகா. செமிசியின் ஒரே பெண், இருபத்தெட்டு வயது, குழந்தைகள் காப்பகத்தில் வேலை. நாக்கு அப்படியே அத்தையைக் கொண்டது என்று எல்லோரும் சொல்வார்கள்.

“வயசு ஏற ஏற ஊசியோட ஆபத்து குறையுது, நோயோட ஆபத்து ஏறுது. அதனாலதான் கோட்டை மேல தள்ளினாங்க. அப்பா கோட்டுக்கு மேலதான் இருக்காரு. அத்தை, நீங்க மட்டும் ஜோரா போட்டுக்கிட்டு வந்துட்டீங்க, எங்கப்பா மட்டும் எதுக்கு வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கணும்?”

மேஜையில் எல்லோருடைய கையும் நின்றுவிட்டது. டாயினா பெண்ணின் தொடையில் கிள்ளியது பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது.

“மிலிகா, எழுந்து போய்த் தண்ணி கொண்டா” என்றான் செமிசி. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூடத் தேவலை.

அவள் போனாள். தண்ணீர் கொண்டுவந்து முதலில் அத்தைக்கு ஊற்றினாள். அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆமேலிக்குக் கோபம் வரவில்லை, உண்மையில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ‘நம்ம ரத்தம்’ என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை. பெரியவர்கள் பிடிக்கிற பிடிவாதத்துக்கு மருந்தே இல்லை.

அடுத்த வாரமே ஊரை அடைத்தார்கள். கொரோனா எங்கிருந்தோ வந்தது, முதலில் எவனோ கார் டிரைவருக்காம், அவனிடமிருந்து இவனுக்கு, இவனிடமிருந்து வீட்டுக்கு. கடற்கரைப் பக்கத்துப் பணக்காரர்களிடம் ஆரம்பித்து மேற்கே நம் பக்கம் வந்ததும் கொழுந்துவிட்டு எரிந்தது. வீட்டிலிருந்து கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவன் பார்த்தான். ஃபோர்க்லிஃப்டை வீட்டிலிருந்து ஓட்ட முடியுமா? செமிசி தினமும் கிடங்குக்குப் போனான். ஊருக்கு அரிசியும் கழிவறைக் காகிதமும் போக வேண்டுமே.

ஆமேலிக்குப் பயம் வர ஆரம்பித்தது அப்போதுதான். சர்ச் கூட்டம் போனில் நடந்தது. பாதிரியார் வாராவாரம் இறந்தவர் பெயர் ஒன்று சொன்னார், பிறகு இரண்டு பெயர். தெரிந்த பெயர்கள். எந்த வயதுக்காரரும் கிடைக்கிற ஊசியை யோசிக்காமல் போட்டுக்கொள்ளுங்கள், இப்போது கணக்கு மாறிவிட்டது என்று டிவியில் பெரிய டாக்டர்கள் கும்பிடாத குறையாகக் கெஞ்சினார்கள். அவள் வேலை பார்த்த விடுதியில் ஊசி போட்ட கிழங்கள் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து தேநீர் குடித்தன. இதையெல்லாம் அவள் பார்க்காமல் இல்லை. எதிர்த்தட்டு நிறைந்துகொண்டே வந்தது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

அப்படியானால் போனை எடுத்து ‘போய்ப் போட்டுக்கோடா’ என்று சொல்ல வேண்டியதுதானே? ஒரு சொல். சொல்லியிருந்தால் அன்றைக்கே போயிருப்பான்.

முடியவில்லை. போனை எடுப்பாள், வைப்பாள். பொறு என்று சொன்னதில் அவள் கையால் எதுவும் நடக்கவில்லை. போ என்று சொன்னால் நடக்கும். சொல்லி, அவன் போய், அந்த லட்சத்தில் ஒருவன் அவனாகிவிட்டால்? மோசேசேயின் காலைத் தேய்த்த அதே கை தம்பியையும் தள்ளிவிட்டதாக ஆகாதா? சும்மா இருந்து நோய் வந்தால் அது ஆண்டவன் கொடுத்தது. அவள் சொல்லி ஊசியால் போனால் அது அவள் கொடுத்தது. இப்படித்தான் அவள் புத்தி போயிற்று. சும்மா இருப்பதும் ஒரு செயல்தான் என்று அவளுக்கு அப்போது எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. சொன்னாலும் கேட்டிருப்பாளா, சந்தேகம்தான். நம்மில் எத்தனை பேர் கேட்போம்?

‘செப்டம்பர்ல இன்னொண்ணு நிறைய வருதாம். இன்னும் கொஞ்ச நாள்தானே’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை மிலிகா கூப்பிட்டாள்.

“அத்தை, கிடங்குல நாலு பேருக்கு வந்திருக்கு. அப்பாவுக்குக் காய்ச்சல். அம்மாவுக்கும்.”

“உனக்கு?”

“எனக்கு லேசா தலைவலி. அவ்வளவுதான்.”

“அப்பாகிட்ட போனைக் குடு.”

“தூங்கறாரு அத்தை. மூச்சு வாங்குது. ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு.”

ஆமேலி செருப்பை மாட்டிக்கொண்டு கதவு வரைக்கும் போனாள். வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது, அங்கே போகவே கூடாது. அதைக் கண்காணிக்கத் தெருவில் பட்டாளத்துக்காரர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். எட்டு நிமிஷத் தூரத்தில் இருக்கிற தம்பி வீட்டிலிருந்து அவனையும் டாயினாவையும் ஏற்றிக்கொண்டு போனதை அவள் பார்க்கவில்லை.

டாயினா நாலைந்து நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவிட்டாள். செமிசி திரும்பவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். குழாய் வைத்துத் தூங்கவைக்கப் போகிறோம், அதற்கு முன் வீட்டார் பேசலாம் என்று ஒரு நர்ஸ் போனில் படத்தோடு கூப்பிட்டாள். முதலில் மனைவி, பிறகு மகள், பிறகு ஆமேலி.

திரையில் அவன் படுத்திருப்பது தெரிந்ததுமே ஆமேலி போனைக் குப்புறக் கவிழ்த்தாள். வளர்ந்த தம்பி படுத்திருக்கிற இடத்தை அக்கா பார்க்கக் கூடாது. விடலைப் பருவத்திலிருந்து ஒரே கூரையின் கீழ்கூடப் படுத்ததில்லை, அவனுக்கு மீசை முளைத்ததும் அவன் ஆண்பிள்ளைகளோடு தனிக்குடிசைக்குப் போய்விட்டான். சாகக் கிடக்கிற நேரத்தில் இது என்ன சம்பிரதாயம் என்று கேட்கலாம். கவிழ்த்தது அவள் கைதான், அவளைக் கேட்டுக்கொண்டு கவிழ்க்கவில்லை.

“அக்கா?” என்றான் செமிசி. காற்றுச் சத்தத்துக்கு நடுவில் குரல்.

“இருக்கேன்டா. பேசாதே, மூச்சு வாங்கும்.”

“சாமான் எல்லாம் யாரு வாங்கித் தராங்க உங்களுக்கு?”

“அதெல்லாம் கிடக்கு. நீ எப்படி இருக்கே?”

“இவங்க எனக்கு மாட்டியிருக்கறதைப் பாத்தா கடல்ல மூழ்கிச் சங்கு எடுக்கறவன் மாதிரி இருக்கேன் அக்கா.” சிரிக்கப் பார்த்து இருமினான். “நேரத்துக்குச் சாப்பிடுங்க.”

ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆமேலி காத்திருந்தாள். ‘நீங்கதானே அக்கா பொறுன்னு சொன்னீங்க’ என்று ஒரு தடவை சொல்லிவிடுவான் என்று எதிர்பார்த்தாள். சொல்லட்டும் என்று ஏங்கினாள்கூட. அவன் சொல்லவில்லை. நர்ஸ், “போதும்மா” என்றாள். ஆமேலி போனைத் திருப்பிப் பார்த்தபோது திரை அணைந்திருந்தது.

பன்னிரண்டாம் நாள் போய்விட்டான்.

சாவுக்குப் பத்துப் பேர்தான் வரலாம் என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. எங்கள் சாவுக்குப் பத்துப் பேர்! ஐந்நூறு பேருக்குச் சமைத்து, விடிய விடியப் பாட்டுப் பாடி, தெருவே அடைபட வேண்டிய சாவு. பெட்டியைத் திறக்கக் கூடாது, பாடலாம், முகமூடியோடு. அடக்க நிலையத்தின் சின்னக் கூடத்தில் பாயை விரித்துப் பெட்டியை வைத்தார்கள். மனைவியும் மகளும் இடுப்பிலிருந்து மார்பு வரைக்கும் கிழிந்த பெரிய பாய்களைச் சுற்றிக்கொண்டு கடைசியில், வாசல் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். இறந்தவனைவிடத் தாழ்ந்தவர்கள் அப்படித்தான் உட்கார வேண்டும். இறந்தவனைவிட உயர்ந்தவளுக்குத் தலைமாட்டில் இடம். அங்கே மெத்தென்ற வெள்ளைப் பாய் போட்டிருந்தார்கள். ஆமேலிக்காக.

அவள் கூடத்து நடுவில் நின்றுவிட்டாள்.

“நான் பின்னாடி உக்காந்துக்கறேன் டாயினா. எனக்கும் கிழிஞ்ச பாயா ஒண்ணு குடு.”

டாயினாவுக்கு இன்னும் மூச்சு சரியாகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். “அப்படிச் சொல்லாதீங்க அக்கா.”

“நான்தானே அவனைக் கொன்னேன். எனக்கு எதுக்குத் தலைமாடு?”

“அக்கா, எல்லாரும் பாக்கறாங்க. போன்ல ஊர்ல இருந்தும் பாத்துக்கிட்டு இருக்காங்க. நீங்க அங்க உக்காரலேன்னா அவருக்கு மரியாதை இல்லாமப் போயிடும். அவருக்காக உக்காருங்க.”

“ஒரு வார்த்தை திட்டேன்டி என்னை. உன் புருஷன்டி அவன்.”

டாயினா தலையைக் குனிந்துகொண்டாள். திட்டவில்லை. திட்ட முடியாது. தம்பி பெண்டாட்டி அக்காவைத் திட்டி நாங்கள் பார்த்ததில்லை. கண்ணீர் மட்டும் முகமூடிக்குள் ஒழுகியது. ஆமேலி போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தாள். சுருட்டிய நல்ல பாய்கள், மரப்பட்டைத் துணி மடிப்புகள், வீட்டில் இருந்த உயர்ந்ததெல்லாம் கொண்டுவந்து அவள் முன்னால் அடுக்கினார்கள். ஒவ்வொன்றையும் வைத்துவிட்டுக் கும்பிட்டு நகர்ந்தார்கள். செருப்பால் அடித்திருந்தால் இதைவிடச் சுகமாக இருந்திருக்கும் அவளுக்கு.

பிரார்த்தனை முடிந்த பிறகு ஒரு காரியம் பாக்கி இருந்தது. அப்பா போனால் மகள் கூந்தலை வெட்ட வேண்டும். வெட்டுகிறவள் அத்தை.

பக்கத்து அறையில் அவர்கள் இரண்டு பேர் மட்டும். மிலிகா முழங்காலிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இடுப்பு வரைக்கும் கறுகறுவென்ற முடி. ஆமேலி கத்தரிக்கோலை எடுத்தாள். ஒரு கொத்தைப் பிடித்து வெட்டினாள், அது பாயில் விழுந்தது. இன்னொரு கொத்து.

“மிலிகா.”

“என்ன அத்தை?”

“நான் சொல்றதைக் கேளு. நாளைக்கே போய் ஊசி போட்டுக்கோ. எது இருக்கோ அது. உனக்கு இந்தத் தடவை லேசா வந்துட்டுப் போச்சு, வயசுப் பொண்ணு, பொழைச்சே. அடுத்த தடவை எப்படியோ. நான் சொல்றேன், போ.” கையிலிருந்த கொத்தை வெட்டினாள். “அவனுக்குச் சொல்ல வேண்டியது. உனக்காவது சொல்றேன்.”

மிலிகா மடியில் விழுந்த முடியை எடுத்துப் பாயில் வைத்தாள்.

“நான் போட்டாச்சு அத்தை.”

“எப்போ?”

“ஜூலை மாசம். ஊரை அடைச்ச கொஞ்ச நாள்ல.”

“எது?”

“நீங்க வேண்டாம்னு சொன்னது.”

கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது. “என்கிட்ட கேக்கலையே நீ.”

“கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க. நீங்க வேண்டாம்னு சொல்லிட்டா என்னால போயிருக்க முடியாது. அதனாலதான் கேக்கல.” குரல் தணிந்துதான் இருந்தது. “எனக்கும் பயம்தான் அத்தை. என் வயசுக்கு அந்தக் கட்டு இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி வரும்னு டாக்டர் சொன்னாரு. யோசிச்சேன். காப்பகத்துல குழந்தைங்க, வீட்ல அப்பா அம்மா. போயிட்டேன்.”

“உங்கப்பனுக்குத் தெரியுமா?”

“அப்பாதான் கார்ல கூட்டிட்டுப் போனாரு.”

ஆமேலி கத்தரிக்கோலை மடக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“மருந்துக் கடையில கூட்டமே இல்ல. ‘வாங்கப்பா, நீங்களும் போட்டுக்கோங்க, ரெண்டு நிமிஷம்’னு கையைப் பிடிச்சு இழுத்தேன். இறங்கவே இல்ல. ‘அக்கா சொல்லட்டும். சொன்னதும் வரேன்’னாரு. நான் போட்டுக்கிட்டு வெளிய வந்தப்போ போனைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. உங்களுக்குப் போன் பண்ணிக் கேக்கலாமான்னு பாத்தாராம். அப்புறம் எதுக்கு அக்காவைத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டாராம்.”

ஜூலை மாதம். வீட்டில்தான் இருந்தாள் ஆமேலி. போன் மடியில்தான் இருந்திருக்கும். அவன் கூப்பிட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? சரி, போட்டுக்கோ என்று சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்ள அவளுக்கு எவ்வளவோ ஆசையாக இருந்தது. ஆனால் தன்னை அவளுக்குத் தெரியும். பொறு என்றுதான் சொல்லியிருப்பாள்.

“அழாதீங்க அத்தை” என்றாள் மிலிகா. திரும்பிப் பார்க்கவில்லை. “எனக்கு உங்க மேல கோபம் இருக்கு. எப்படிப் படறதுன்னுதான் தெரியல. யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல.”

“படு. நல்லா படு” என்றாள் ஆமேலி. மூக்கைச் சிந்திக்கொண்டாள். “நீயாவது கேக்காமப் போனியே. நல்ல வேளை கேக்கலடி நீ.”

“இனிமேலும் கேக்க மாட்டேன் அத்தை.”

எங்கள் வீடுகளில் தம்பி மகள் ஒருத்தி அத்தையிடம் சொல்லக்கூடிய வார்த்தை இல்லை அது. கூடத்தில் இருந்த டாயினா காதில் விழுந்திருந்தால் பயந்து வாயைப் பொத்தியிருப்பாள். ஆமேலி பாயில் மண்டியிட்டு, மிலிகாவின் உயரத்துக்கு வந்தாள்.

“கேக்காதே. நாளைக்கு உனக்குப் பிறக்கப்போற பிள்ளைங்களும் கேக்க வேண்டாம். இது நான் சொல்ற சொல்லு” என்றாள். பிறகு மிச்சம் இருந்த முடியைக் கையில் சேர்த்துப் பிடித்து வெட்ட ஆரம்பித்தாள்.